கீரிமலையில் கரைந்த சாம்பலும் நித்திய சீவியமும்

கேள்வி:

பாதர், அம்மாவும் நாங்களும் கத்தோலிக்கம், அப்பா சைவம். ஆயரின் அனுமதி எடுத்துக் கோயிலில்தான் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. எனக்கும் தம்பிக்கும் ஞானஸ்நானம் கொடுக்க அப்பா ஒருபோதும் மறுப்புச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைச் சைக்கிளில் ஏற்றிவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியுமட்டும் மதிலோரம் நிற்பார். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் மாமிசம் தொடமாட்டார். 1995 இடப்பெயர்வில், நடக்கமாட்டாத அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு போனவர் அவர்தான். நாவற்குழியடியில் எங்களிடமிருந்த தண்ணீரை யாரோ ஒருவரின் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டார் என்று அம்மா அன்றைக்கு அவரோடு சண்டை பிடித்தா.

இந்தத் தையில் அப்பா மோசம் போனார். அவர் விரும்பியபடியே தம்பி கொள்ளி வைத்தான். கோம்பயன்மணல் சுடலையில் எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து, அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்தோம். செத்தவீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் வேறொரு சபையைச் சேர்ந்தவர். "இரட்சிக்கப்படாமல் போன மனுசனுக்கு இனிச் செபித்து என்ன? அவருக்கு நித்திய சீவன் இல்லை, இனி அவரைக் காணவும் மாட்டீர்கள்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அவிசுவாசியைக் கட்டியதே பாவம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அம்மா பூசைக்குப் போகிறா, ஆனால் நற்கருணை எடுக்கிறதில்லை. இரவில் "அவர் எங்க பிள்ளை இருக்கிறார்?" என்று கேட்கிறா. சேமக்காலையில் தன் தாய்தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் "நான் தனியவோ கிடக்கப் போறன்" என்று அழுகிறா.

அப்பாவுக்கு நித்திய சீவியம் உண்டா? எரித்துக் கடலில் கரைத்த உடல் உயிர்க்குமா? அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா? மறுமையில் அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் அறிவார்களா? ஆடி அமாவாசைக்குத் தம்பி கீரிமலைக்குப் போகிறான், நானும் போகலாமா? இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்கிறேன். இதெல்லாம் செத்தவீட்டில் ஆறுதலுக்குச் சொல்கிற கதைதானோ என்று எனக்கே சில இரவுகளில் தோன்றுகிறது.

- வாசகி, யாழ்ப்பாணத்தின் கரையோரப் பங்கு ஒன்றிலிருந்து


பதில்:

அன்பான பிள்ளைக்கு,

செத்தவீட்டில் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவை அதுதான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. இறந்துபோன ஒரு மனிதரைப் பற்றி "இவருக்கு நித்திய சீவியம் இல்லை" என்று தீர்ப்புச் சொல்ல எந்தக் கிறிஸ்தவருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. குருவுக்கும் இல்லை, ஆயருக்கும் இல்லை. திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. சில்லாலையில் தங்கி மறைவாகப் பணிசெய்த யோசேவ் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் "இன்னார் நரகத்தில் இருக்கிறார்" என்று ஒரே ஒருவரின் பெயரைக்கூட அதே திருச்சபை இன்றுவரை அறிவித்ததில்லை. யூதாசின் பெயரையும் சொன்னதில்லை. நரகம் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கடவுளை முற்றாக உதறிவிட்டு நிற்க மனிதனால் முடியும் என்பதும் எங்கள் விசுவாசந்தான். யார் அப்படி நின்றார் என்பது கடவுள் ஒருவருக்கே தெரியும். பிணம் கிடக்கிற வீட்டில், விதவையின் முகத்துக்கு நேரே, அந்த இடத்தில் தன்னை இருத்திக்கொள்வது சுவிசேஷம் அறிவிப்பதாகாது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

இனி, நித்திய சீவியம் என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பதற்கு வருகிறேன். ஞாயிறு தோறும் விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் சொல்கிறோம். ஆனால் அதைப் பற்றி உட்கார்ந்து கதைப்பது குறைவு. சாவுக்குப் பிறகு முடிவே இல்லாமல் நீண்டு போகிற காலம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2007இல் எழுதிய சுற்றுமடலில் இதை நேராகவே கேட்டார். இப்போது வாழ்கிற இந்த வாழ்வையே எல்லையில்லாமல் நீட்டிக்கொண்டு போனால் அது வரமாக இருக்குமா, சுமையாக இருக்குமா? நோயும் சலிப்பும் பிரிவும் கலந்த வாழ்வு முடிவில்லாமல் நீள்வதை யார்தான் விரும்புவார்கள்? அதே மடலில் அவர் பழைய ஞானஸ்நானச் சடங்கையும் நினைவூட்டுகிறார். பெற்றோர் திருச்சபையிடம் கேட்பது விசுவாசம். அந்த விசுவாசம் எதைத் தரும் என்று குரு கேட்கையில் அவர்கள் சொல்லும் மறுமொழி, நித்திய சீவியம். செத்தவீட்டு வார்த்தை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் வாசலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

யோவான் நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் இயேசு தம் பாடுகளுக்கு முந்திய இரவில் செபிக்கும்போது சொல்வதும் இதுதான். உண்மையான ஒரே கடவுளையும் அவர் அனுப்பிய கிறிஸ்துவையும் அறிவதே நித்திய சீவியம் என்கிறார். அங்கே ஆண்டுக் கணக்கைப் பற்றிய பேச்சே இல்லை. வேதாகமத்தில் அறிதல் என்பது புத்தகத்தில் படித்து அறிவது இல்லை. ஒருவரோடு ஒருவர் உறவாகிக் கலப்பது. அதே யோவானின் பெயரில் உள்ள முதல் திருமுகம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: சகோதரரிடம் அன்புகொண்டிருப்பதால் நாம் சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்து வந்துவிட்டோம் என்று அறிந்திருக்கிறோம் என்கிறது (3:14). கடக்கப் போகிறோம் என்று எழுதவில்லை. கடவுளின் சொந்த வாழ்வில் மனிதனுக்குக் கிடைக்கும் பங்கு அது. இங்கேயே தொடங்குகிறது. சாவினால் அதை அறுக்க முடியாது என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

இதைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாவைப் பற்றிய உங்கள் கேள்விக்குள் போகவேண்டும்.

அந்த உறவினரின் மனதில் யோவான் 14:6 இருந்திருக்கும். தம் வழியாய் அன்றி எவரும் தந்தையிடம் வருவதில்லை என்று இயேசு சொன்ன வசனம். அதை நானும் ஒரு சொல் குறைக்காமல் நம்புகிறேன். உங்கள் அப்பா மீட்படைந்திருந்தால் கிறிஸ்துவால்தான் மீட்படைந்திருக்கிறார். அந்த உறவினருக்கும் எனக்கும் வித்தியாசம் இதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களிடம் மட்டுந்தான் கிறிஸ்துவால் போய்ச் சேர முடியுமா? மத்தேயு 25ஐ இன்றைக்கு இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அரசர் வலப்பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்து, நான் பசியாயிருந்தேன், உணவு தந்தீர்கள். தாகமாயிருந்தேன், குடிக்கத் தந்தீர்கள் என்கிறார். அவர்கள் திகைத்துப்போகிறார்கள். எப்போது ஆண்டவரே உம்மைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். கண்டதே அவர்களுக்குத் தெரியாது! அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். அவர்கள் நித்திய சீவியத்துக்குள் போகிறார்கள். நாவற்குழியடியில் தண்ணீர் வாங்கிக் குடித்த அந்தக் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து அந்த ஒற்றைப் பாதையில் நசுங்கிக்கொண்டு போனபோது ஒரு வாய்த் தண்ணீருக்கு என்ன பெறுமதி இருந்தது என்பது அந்தப் பாதையால் போனவர்களுக்குத் தெரியும். அம்மா அன்றைக்குச் சண்டை பிடித்ததில் பிழையில்லை, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டுமே. அப்பா கொடுத்ததும் எங்கேயும் தொலைந்துபோகவில்லை.

இது என் சொந்த இரக்கத்தில் வந்த கருத்து என்று நினைக்கவேண்டாம். உலக ஆயர்கள் கூடிய 2ஆம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டின் 16ஆம் பிரிவு, தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின் குரலில் அவருடைய விருப்பத்தை உணர்ந்து அருளின் துணையோடு நடக்க முயல்வோர் நித்திய மீட்பைப் பெறமுடியும் என்கிறது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஏடு, கடவுளுக்கே தெரிந்த வழியில் கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லாருக்கும் அளிக்கிறார் என்று நம்பவேண்டும் என்கிறது. அப்படியானால் ஞானஸ்நானம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். மறைக்கல்வி ஏட்டின் 1257ஆம் எண்ணில் மறுமொழி இருக்கிறது: கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருக்கிறார், ஆனால் தம் அருட்சாதனங்களால் அவர் கட்டுண்டவர் அல்லர். எங்களுக்கு அது கட்டளை. அவருடைய கையை நாங்கள் அதைக் கொண்டு கட்ட முடியாது.

இதை வாசிக்கும் சைவ அன்பர்கள் தங்கள் தகப்பனின் மறுமையைப் பற்றிக் கிறிஸ்தவக் குரு ஏன் கதைக்கிறார் என்று நினைக்கலாம். அவர்களுடைய நம்பிக்கையை அவர்கள் சொல்வதுதான் முறை. என் திருச்சபையின் பிள்ளை ஒருத்தி கேட்டதற்கு என் திருச்சபையின் விசுவாசத்திலிருந்து சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா மோட்சத்தில் இருக்கிறார் என்று நான் எழுதித் தரமாட்டேன். யாருக்குமே அப்படி எழுதித் தர எனக்கு உரிமையில்லை. நேற்று அடக்கம் செய்த கத்தோலிக்கருக்கும் இல்லை. நம்பிக்கையோடு ஒப்படைக்கலாம், அந்த நம்பிக்கைக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. பூசையில் நான்காம் நற்கருணை மன்றாட்டு ஒன்று இருக்கிறது, எல்லா ஞாயிறும் சொல்வதில்லை. கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களை நினைத்த கையோடு, எவருடைய விசுவாசத்தை நீர் ஒருவரே அறிந்திருக்கிறீரோ அந்த இறந்தோரையும் நினைவுகூரும் என்று குரு அதில் மன்றாடுகிறார். அந்த வரி பீடத்தில் சொல்லப்படும்போது மதிலோரம் நின்ற அப்பாவும் அதற்குள் அடங்குகிறார்.

சாம்பலைப் பற்றி நீங்கள் கேட்டது பழைய கேள்வி. கிறிஸ்தவர்களை இந்தக் கேள்வியால் வதைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பெரிய கலாபனை நடந்தது. பிளந்தீனா என்ற அடிமைப்பெண் உட்படப் பலரைக் கொன்றார்கள். அதோடு விடவில்லை. உடல்களை நாட்கணக்கில் வெளியில் போட்டுவைத்துக் காவல் இருந்து, பிறகு எரித்து, சாம்பலைக் கூட்டி அள்ளி ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இவர்கள் உயிர்த்தெழுவோம் என்கிறார்களே, இனி எப்படி எழும்புகிறார்கள் பார்ப்போம் என்பதுதான் எண்ணம். தப்பிய கிறிஸ்தவர்கள் இதையெல்லாம் கடிதமாக எழுதி ஆசியாவிலிருந்த சபைகளுக்கு அனுப்பினார்கள். ஆற்றோடு போன அவர்களைத் திருச்சபை இன்றும் வேதசாட்சிகளாகக் கொண்டாடுகிறது. ஆற்றில் கொட்டியதால் அவர்கள் உயிர்ப்பை இழந்தார்கள் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அதனால் எரிப்பது உயிர்ப்புக்குத் தடை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கத்தோலிக்கருக்கே 1963 முதல் உடலைத் தகனம் செய்ய அனுமதி இருக்கிறது, உயிர்ப்பை மறுப்பதற்காக அப்படிச் செய்யாவிட்டால் சரி. சாம்பலைத் தூவவோ கரைக்கவோ கூடாது, புனித இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது கத்தோலிக்கரின் அடக்கத்தைப் பற்றியது. அப்பா சைவராக வாழ்ந்தார், சைவராகவே வழியனுப்பச் சொன்னார். தம்பி மகனுடைய கடமையைச் செய்தான். இதில் தம்பியையோ உங்களையோ குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

உடலின் உயிர்ப்பு என்றால் பழைய எலும்புகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என்று பவுல் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில், இறந்தோர் எப்படி எழுவார்கள், எப்படிப்பட்ட உடலோடு வருவார்கள் என்று கேட்பவனுக்கு அவர் விதையைக் காட்டுகிறார். விதைப்பது பிறகு உருவாகப்போகும் உடலை அல்ல, வெறும் மணியைத்தான் என்கிறார். எங்கள் மண்ணில் இதற்குப் பனங்கொட்டை போதும். பாத்தி போட்டுப் புதைக்கிற அந்தத் தும்புக் கொட்டையை எவ்வளவு திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதற்குள் நிற்கிற பனை கண்ணில் படாது. ஆனால் வருவது அந்தக் கொட்டையின் பனைதான், வேறொன்றின் பனை அல்ல. அப்படித்தான் எழுந்துவருவது அப்பாவாகவே இருப்பார். எங்கோ மிதக்கும் பெயரில்லாத உயிராக இருக்கமாட்டார். கிறிஸ்தவ விசுவாசத்தில் உடல் என்பது தேவை முடிந்ததும் போட்டுவிட்டுப் போகிற பொருள் இல்லை. அம்மம்மாவைத் தாங்கிச் சைக்கிளை உருட்டிய அந்தத் தோள்களும் கைகளும் வீணாக வந்தவை இல்லை. அவை எந்த விதமாக மாறும் என்று எனக்கு விவரிக்க முடியாது. அதே யோவான் திருமுகம், இனி எவ்வாறு இருப்போம் என்பது இன்னும் வெளிப்படவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது (3:2). நானும் அங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். உயிர்ப்புக்குக் கல்லறை வேண்டும் என்றால் எங்கள் மண்ணின் கதி என்ன? 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் வடமராட்சி கிழக்குக் கரையில் கடல் எத்தனை பேரைக் கொண்டுபோனது. 2009இல் முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் ஒரு பிடி மண்கூட விழாமல் கிடந்தார்கள். இன்றைக்கும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல், பூசைக்கு எந்தக் கருத்தில் எழுதுவது என்று கேட்டு நிற்கிற தாய்மார் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். இவர்கள் எவரையும் கடவுள் தேடித் திரியவேண்டியதில்லை. சேமக்காலையில் கல் நாட்டப்பட்டவரையும் கடலில் கரைந்தவரையும் அவர் ஒரே நினைவில் வைத்திருக்கிறார்.

இனி அம்மா "தனியவோ கிடக்கப் போறன்" என்று அழுவதற்கு. இதே கவலையோடு வாழ்ந்த ஒரு தாயின் கதையை அவவுக்குச் சொல்லுங்கள். புனித மோனிக்கம்மாளின் கணவர் பத்ரீசியு நெடுங்காலம் கிறிஸ்தவராக இல்லாதவர், கடைசிக் காலத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குப் பக்கத்தில் தன்னை அடக்கவேண்டும் என்று மோனிக்கம்மாள் இடமும் ஆயத்தம் பண்ணிவைத்திருந்தா. ஆனால் 387இல், ஆபிரிக்காவிலிருந்த ஊருக்குத் திரும்புகிற வழியில், உரோமைக்கு அண்மையிலிருந்த ஒஸ்தியாத் துறைமுகத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டா. அந்நிய மண்ணில் போகிறாவே என்று பக்கத்தில் நின்றவர்கள் வருந்தினார்கள். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகன்மாரிடம் கேட்டுக்கொண்டா. ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப்போகப் பயமில்லையா என்று முன்பு சிலர் கேட்டபோது, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போகும் என்ற பயம் எனக்கில்லை என்று சொல்லியிருந்தாவாம். இதையெல்லாம் எழுதிவைத்தவர் மகன் அகுஸ்தீனார். பக்கத்தில் கிடக்கவேண்டும் என்ற ஆசையை மோனிக்கம்மாள் கேவலமாக நினைக்கவில்லை, வருடக்கணக்காக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறா. அம்மாவின் ஆசையும் அப்படித்தான், அன்பிலிருந்து வருகிறது. அம்மாவின் காலம் வரும்போது அவவின் கல்லறைக் கல்லில் அப்பாவின் பெயரையும் நினைவாகச் சேர்க்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அதில் தடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆறுதலுக்குச் சொல்கிற கதையோ என்று நீங்கள் கேட்டதை மதிக்கிறேன். இந்தச் சந்தேகத்தைப் பாவமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிர்ப்பின் நம்பிக்கை இஸ்ராயேலில் தெளிவாக வெளிப்பட்டது எப்போது என்று பாருங்கள். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 165 ஆண்டுகளுக்கு முன், அந்தியோக்கு என்ற அரசன், கடவுளுடைய கட்டளையை மீற மறுத்தவர்களைச் சித்திரவதை செய்து கொன்ற காலம் அது. மக்கபேயரின் 2ஆம் நூல் 7ஆம் அதிகாரத்தில் ஏழு மக்களையும் கண்முன்னே பறிகொடுக்கும் தாய், கடவுள் உங்களுக்கு உயிரைத் திருப்பித் தருவார் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறா. சுகமாக இருந்தவர்களின் மனதுக்கு இதமாகப் பிறந்த எண்ணம் இல்லை இது. கொன்றவனுடைய கைதான் கடைசிக் கையாக இருந்தால் கடவுள் நீதியுள்ளவர் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியிலிருந்து வந்தது. இந்தத் தாயை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பவுலும் ஆறுதல் வியாபாரம் செய்யவில்லை. கொரிந்தியருக்கு அந்தத் திருமுகத்தை அவர் எழுதியது ஏறக்குறைய 55ஆம் ஆண்டில், இயேசு இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபோது. உயிர்த்தவரைக் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பதுதான் அதன் பொருள். கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் எங்கள் போதனையும் வெறுமை, உங்கள் விசுவாசமும் வெறுமை என்று தானே சொல்லிவிடுகிறார். எல்லாவற்றையும் ஒரே நிகழ்வின் மேல் வைத்துவிட்டார். அது நடந்தது என்று நான் நம்புகிறேன், என் வாழ்வையும் அதன் மேல்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் நம்பமுடியாமல் படுத்திருக்கிற இரவுகளில் உங்களுக்காகவும் சேர்த்துத் திருச்சபை நம்பிக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். அதுவும் விசுவாசத்தில் சேர்த்திதான்.

ஒருவரையொருவர் அறிவார்களா என்பதற்கு மறுமொழி, ஆம். கலியாணம் அங்கே இல்லை என்று, உயிர்ப்பை மறுத்த சதுசேயருக்கு இயேசு சொன்னதை வைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். உறவு அழிந்துபோகும் என்று அவர் சொல்லவில்லை. அதே இடத்தில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று பெயர் சொல்லி, கடவுள் வாழ்வோரின் கடவுள் என்கிறார். கடவுள் பெயரோடு வைத்திருப்பவர்களை நாங்கள் மறந்துபோவோமா?

இப்போது அம்மா. அவவின் கலியாணம் ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் முன் நடந்த செல்லுபடியான கலியாணம். ஒரு நாள்கூட அவ அதனால் பாவத்தில் வாழவில்லை. அந்த உறவினர் சொன்னதற்குப் பவுலே மறுமொழி வைத்திருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7:14இல், விசுவாசியாகாத கணவன் மனைவியால் தூய்மையாக்கப்படுகிறான் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, பெண்ணே, நீ உன் கணவரை மீட்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை அவர் மூடிவைக்கவில்லை. பங்குத்தந்தையை வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவோடு தனிமையில் கதைக்க விடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய அவ விரும்பினால் செய்யட்டும். ஆனால் இந்தக் கலியாணத்தைப் பாவமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று முன்கூட்டியே தெரியவேண்டும். வருகிற ஞாயிறே அவ நற்கருணை எடுக்கலாம். நீங்களும் பக்கத்தில் நின்று எடுங்கள்.

அப்பாவுக்காகப் பூசை தாராளமாக ஒப்புக்கொடுக்கலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் பிரிவு, உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. ஞானஸ்நானம் பெற்றவராயிருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. யாழ்ப்பாணத்தில் மற்றச் சபைகள் பலவற்றில் இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கம் இல்லை, மக்கபேயர் நூல்களும் அவர்களுடைய வேதாகமத்தில் இல்லை. அது அவர்களுடைய பழைய, நேர்மையான நிலைப்பாடு. அதற்காக உறவினரோடு வாக்குவாதப்பட வேண்டாம். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்கு எல்லாரும் போகிறபோது அம்மம்மாவின் கல்லறையில் அப்பாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். தையில் ஆண்டு நினைவான ஆட்டத்திவசம் வரும்போது வீட்டில் தம்பி செய்வதைச் செய்யட்டும், விடியப்புறப் பூசையை அப்பாவின் பெயரில் கேளுங்கள்.

ஆடி அமாவாசைக்கு நீங்கள் தம்பியோடு கீரிமலைக்குப் போகலாம். தகப்பனை நினைக்கிற இடத்தில் மகள் நிற்பதற்கு விசுவாசம் தடையாக இல்லை. பிதிர்க்கடன் கிரியை வேறொரு நம்பிக்கையைச் சொல்வது. அதில் நீங்கள் பங்கெடுக்காமல் மரியாதையோடு ஒதுங்கி நின்று செபியுங்கள். தம்பியும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். அவன் எந்த மனநிலையில் செய்கிறான் என்பதைப் பற்றி இன்னொரு நாள், வீட்டில் துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு, பங்குத்தந்தையோடு ஆறுதலாகக் கதைக்கட்டும். இந்த வருடம் அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள். அம்மா வர விரும்பினால் அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்குக் கேணியடியில் சனம் நெரியும், அதனால் விடியவே போய், வெயில் ஏறமுன் அவவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.